மார்பில் ஒரு குண்டு

எங்கள் கவியரங்கத் தலைவர் சொக்கலிங்கம் பனியைக் கண்ணால் கண்டதில்லை. மீன் பெட்டியில் போடும் ஐஸ்கட்டிதான் அவருக்குத் தெரிந்த பனி. அந்தமானில் சாத்தம் தீவு மரமில்லுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்டிராக்டர். மிச்ச நேரத்தில் கவிஞர். அவர்தான் என் கவிதையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா சந்திரமதி, இதுல எதிரியே வரலியேம்மா?"

"என் தம்பி இருந்த எடத்துக்கு எதிரி வர்றதுக்குள்ள பனி வந்துருச்சுங்க ஐயா."

"அதுக்காக வீரன் பனியில செத்தான்னு மேடையில சொல்றதா? கொல்லைக்குப் போன எடத்துல பாம்பு கடிச்ச மாதிரில்ல இருக்கு!"

அறுபத்தைந்து யுத்தம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஜவான்கள் நிதிக்காகப் போர்ட் பிளேர் தமிழர்கள் ஒரு கவியரங்கம் வைத்தார்கள். என் தம்பி குழந்தைவேலு அதற்கு மூன்று வருடம் முன்பே, சீனச் சண்டையில், இமயமலையில் செத்துப்போனான். கேன்வாஸ் ஷூவும் பருத்திச் சட்டையுமாக மலையேற்றிவிட்டிருந்தார்கள். கூட இருந்த சிப்பாய் லீவில் வந்து சொன்னான்: முதலில் கால் விரல்கள் கறுத்தன, பிறகு நாக்குக் குழறியது, விடிய விடிய அம்மாவைக் கூப்பிட்டான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அம்மாவும் உட்கார்ந்து அதைக் கேட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட, "குண்டடி படலியா?" என்றார்கள், அவன் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி. அவன் பட்ட பாட்டை, பட்டது பட்டபடி, ஒரு தடவையாவது நாலு பேர் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு வரியையும் மாற்ற மாட்டேன் என்றேன். "ஜித்தி லட்கி, பிடிவாதக்காரி" என்று முணுமுணுத்தபடி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று நல்ல மழை. ஊர் ஓரம் டாலிகஞ்சில் ஒரு தகரக் கொட்டகை. பெண்கள் பக்கம் முன்வரிசையில் அம்மா. எனக்கு முன்னால் ஜவுளிக்கடை அப்துல் கனி பாடினார். வாள் மின்னியது, வேல் பாய்ந்தது, யானை பிளிறியது. எந்த ரெஜிமென்டில் யானை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வரிக்கு வரி "ஒன்ஸ் மோர்!"

என் முறை வந்தது. மலைக்கு எங்கள்மேல் பகை இல்லை, இரக்கமும் இல்லை என்று ஆரம்பித்தேன். கறுத்த விரல்களைச் சொன்னேன். ஷூவைக் கழற்றும்போது கூடவே உரிந்து வந்த தோலைச் சொன்னேன். அம்மா பக்கம் மட்டும் திரும்பவில்லை. முடித்தபோது மழைச் சத்தம்தான் கேட்டது. யாரோ இருமினார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. யானைக்குக் கை தட்டத் தெரிகிறது, ஒரு மனிதனின் கால் விரலைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை!

ஒவ்வொருவர் பாடி முடித்ததும் தலைவர் நாலு வரி கட்டிப் பாராட்டுவது வழக்கம். மனிதர் நல்லவர்தான். நான் கவிழ்ந்துவிட்டேன் என்று நினைத்துத் தூக்கிவிடப் பார்த்தார்.

"பனியா கொன்றது வேலவனை? இல்லை!
பகைவன் குண்டு மார்பில் பாய
இமைக்கும் முன்னே சாய்ந்தது சிங்கம்!"

கொட்டகை அதிர்ந்தது. "ஒன்ஸ் மோர்! ஃபிர் சே!" அவர் மறுபடி பாடினார். என் தம்பி மறுபடி சுடப்பட்டான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். எல்லாம் பொய், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று கத்தத்தான் போனேன். அதற்குள் அம்மா மேடை ஓரத்துக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் இந்த மூன்று வருடத்தில் அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"நெசமாடி? குண்டா பட்டுச்சு? லீவுல வந்த அந்தச் சிப்பாய்ப் பய, குளிருல கெடந்தான்னுல்ல சொன்னான்? ஐயா பெரிய மனுசரு, விசாரிக்காமலா பாடுவாரு?"

சொக்கலிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குண்டுன்னா சட்டுனு போயிருப்பான்ல? என்னையக் கூப்பிட்டிருக்க மாட்டான்ல?"

"இல்லம்மா," என்றேன். "கூப்பிடல."

மைக்கில் அது கொட்டகை முழுவதும் கேட்டது. கை தட்டினார்கள்.