வளித்தடையைப் புறக்கணிக்க

முழங்கால் அளவு வாவித் தண்ணீரில் நின்று, தோணியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள் தக்ஷாயினி. தோணிக்குள் அவளுடைய அம்மா அன்னப்பூரணி, கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். தோணி அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

"விடுகா!"

"மாட்டன்."

இக்கரையிலிருந்து இராணுவத்தின் பீரங்கி அடித்தது. தலைக்கு மேலே வானத்தைக் கிழித்துக்கொண்டு எதுவோ மேற்கே போனது. ஆரையம்பதி அகதி முகாமில் இதற்கெல்லாம் இப்போது யாரும் குனிவதில்லை. தக்ஷாயினியும் குனியவில்லை. மனதுக்குள் விநாடிகளை எண்ணத் தொடங்கினாள்.

அது அவள் வேலையாகவே போய்விட்டது. அக்கரைப் படுவான்கரையிலிருந்து ஓடி வந்த சனம் ஒவ்வொரு பீரங்கிச் செல்லுக்கும், "புள்ள, இது ஆர்ட ஊருக்க?" என்று அவளைத்தான் கேட்கும். ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை. எறிந்தது எங்கே விழும் என்று பார்க்கும் எறிய இயக்கம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெடிச் சத்தம் வந்து சேரும் நேரத்தைக் கழித்து, கோணத்தை நாற்பத்தைந்து பாகை என்று வைத்து, போய் விழும் தூரமான கிடைவீச்சை மணலில் குச்சியால் போட்டுச் சொல்வாள். பல்குழல் றொக்கற் என்றால் கணக்கு இன்னும் நீளம். எரிபொருள் எரிய எரிய அதன் திணிவு குறையும். பயம் வராது, அழுகை வராது, விடை மட்டும் வரும். மார்கழி லீவுக்குத் தேற்றாத்தீவுச் சின்னம்மா வீட்டுக்குப் போன தம்பி மதுஷனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அவள் அப்படித்தான்.

தூரத்தில் 'தும்' என்றது.

"எங்க?" என்றாள் அம்மா.

வெட்டிப் போட்ட நெல்லை விட்டிட்டு வரமாட்டன் என்று கரடியனாற்று வயல் வட்டைக்குள் தனியே நின்றுவிட்டவர் அப்பா இராசதுரை. அம்மாவும் அக்கரைக்குப் போனால் தனக்கென்று ஒருத்தரும் இல்லை. தோணியை விடக்கூடாது. தக்ஷாயினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கரடியனாறு தாண்டிக் காட்டுக்க. அப்பாக்கு ஒண்டுமில்ல."

"வடிவாக் கணக்குப் பாத்தியா?"

"ஓம். வளித்தடையைப் புறக்கணிச்சுச் செய்தன்."

"அதென்ன கோதாரி?"

"காத்து இல்ல எண்டு வெச்சுச் செய்யிற."

அம்மா தள்ளுவதை நிறுத்தினாள். "காத்தில்லாத ஊர் எங்ககா இரிக்கு?"

எந்த வினாத்தாளை எடுத்தாலும் 'வளித்தடையைப் புறக்கணிக்க' என்ற வரி இருக்கும். தக்ஷாயினியும் அப்படியே செய்து பழகிவிட்டாள். காற்று இழுத்துப் பிடித்தால் செல் அவ்வளவு தூரம் போகாது, முன்னாலேயே இறங்கிவிடும். முன்னால் என்றால் ஊர். இத்தனை நாளும் அவள் காடு என்று சொல்லிச் சனத்தைத் தூங்க வைத்ததெல்லாம் ஊர்.

"அப்ப ஊருக்கதான்," என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இப்பப் போனா நீங்களும் சாவீங்க."

"காட்டுக்க விழுந்தா பயமில்ல, போறன். ஊருக்க விழுந்தாலும் போறன். மறுகா உன்ட கணக்கு எனக்கு என்னத்துக்கு?"

"அப்பா பங்கருக்க இரிப்பார். செல்லடி குறைய அவரா நடந்து வருவார். நீங்க போய்க் கூட்டி வரத் தேவையில்ல."

அடுத்த செல் தலைக்கு மேலால் போனது. இந்த முறை தக்ஷாயினி எண்ணவில்லை. தோணியின் அடியில் ஒரு மண்வெட்டி கிடப்பதை அப்போதுதான் கண்டாள்.

"இது என்னத்துக்கு?"

"கைய எடு, சொல்றன்."

எடுத்தாள். தோணி ஒரு முழம் விலகியது.

"ஆரக் கூட்டி வாற?" என்றாள் அம்மா, அக்கரையைப் பார்த்தபடி. "பக்கத்து வட்டை வினாயகமூர்த்தி நேத்து வந்து சொல்லிட்டுப் போனவன். உன்ட அப்பா ஞாயித்துக்கிழமையே செத்திட்டார் புள்ள."