மூன்று எண்ணும் வரை

திரையில் அந்த மஞ்சள் கட்டம் போட்ட கோட்டைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கோட்டின் இரண்டு முழங்கைக்குள்ளும் பஞ்சு வைத்துத் தைத்தவள் அவள். இடுப்புக்கு மூன்று அடுக்கு, முதுகுத்தண்டுக்கு நீளமாக ஒரு பட்டை, வெளியே துருத்தாமல் இருக்க மேலே மெல்லிய துணி. சினிமாக் கம்பெனித் தையல்காரர் தைத்ததை அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்து மடியில் போட்டு, "அந்தாளு கோட்டுக்குத் தைப்பாரு, உள்ள இருக்கிற எலும்புக்கு நீதான் தைக்கணும்" என்றார். அது நடந்து எட்டு மாதம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உருண்டவர் அதற்குப் பிறகு காலூன்றி நிற்கவில்லை. அது ஏழு மாதம்.

டப்பிங்குக்குக் கூப்பிட்ட ஏஜென்ட்டைக் குறை சொல்ல முடியாது. "நாலு பேரு கும்பல் சிரிப்பு, அரை நாள் வேலை, வந்துடுங்கக்கா" என்று மட்டும்தான் சொன்னார். என்ன படம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவளும் கேட்கவில்லை. கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவளாக இருந்தால் படத்தின் பெயரைக் கேட்கலாம். அவள் கும்பலுக்குக் குரல் கொடுப்பவள். அதிலும் சிரிப்புக்குத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். மேலதிகாரி ஜோக்கடிக்கும்போது ஆபீஸில் எழும் மரியாதைச் சிரிப்பு, பிடிக்காத சம்பந்தி தடுக்கி விழும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு, புரியாத ஜோக்குக்கு எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தாமதமாகச் சேர்ந்துகொள்ளும் சிரிப்பு, எல்லாம் அவளிடம் தனித்தனியாக இருந்தன. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பாள்.

அவள் வீட்டுக்காரர் டூப். வேறு டூப்களைப் போலக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறவர் இல்லை; காமெடியனுக்குப் பதிலாக விழுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. முகம் தெரியாமல் விழ வேண்டும், விழுந்தால் சிரிப்பு வர வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் அவருக்குப் பேச்சும் அதைப் பற்றித்தான். "பேசிச் சிரிக்க வைக்கலாம், மூஞ்சியைக் கோணிச் சிரிக்க வைக்கலாம், ஆள் மாறாட்டம் பண்ணிச் சிரிக்க வைக்கலாம். இந்த அடுத்தவனை மட்டம் தட்டிச் சிரிக்க வைக்கிறது இருக்கே, அது மட்டும் எனக்குப் பிடிக்காதும்மா. அதுல ஒருத்தன் சிரிக்க இன்னொருத்தன் அழணும். விழுற காமெடில யாருக்கும் நஷ்டமில்ல" என்பார்.

"ஏன், விழுறவனுக்கு?"

"அவன்தான் எந்திரிச்சுடறானே."

அதற்கு ஒரு கணக்கும் வைத்திருந்தார். விழுந்தவன் உடனே எழுந்துவிட்டால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். மூன்று எண்ணும் வரை அசையாமல் கிடக்க வேண்டும். நான்காவதில் ஜனங்கள், ஐயோ, செத்துக்கித்துத் தொலைந்தானோ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் அது காமெடி இல்லை. எங்கே வெட்டுவது என்பது டைரக்டர் பாடு. ஆனால் 'கட்' என்ற சொல் காதில் விழும் வரை அவர் விரலைக்கூட அசைக்கமாட்டார். விழுந்தவுடன் அசைந்து யாரோ ஒரு டூப் ஷாட்டைக் கெடுத்த கதையை, கொலைக் குற்றத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். கட் சொன்ன பிறகு, கிடந்தபடியே வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுவார். எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் லைட்டை அணைப்பார்கள். எந்த யூனிட்டுக்குப் போனாலும் அவருக்கு இதுதான் வழக்கம்.

"ஒரு தரம் பைலட் டிராக்கோட கேட்டுட்டு, அப்புறம் டேக் போயிடலாமா அக்கா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் என்ஜினீயர் கேட்டார். படப்பிடிப்பில் மைக்கில் பதிவான பழைய சத்தம்தான் பைலட் டிராக். சுற்றிலும் இருக்கும் இரைச்சல், யூனிட் ஆட்களின் பேச்சு எல்லாம் அதில் இருக்கும். டப்பிங் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

பெரிய ஓட்டல் ஒன்றின் மாடிப்படி. மஞ்சள் கோட்டு போட்ட கனவான் ஒருவர், கையில் சூட்கேஸோடு, கீழே நிற்கும் பெண்ணைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார். கால் சறுக்குகிறது. அவ்வளவுதான், பதினெட்டுப் படியும். அடடா, எப்படி உருண்டார்! ஒரு படிக்கு ஒரு தினுசு. தொப்பி ஒரு பக்கம் ஓட, இவர் அதைப் பிடிக்கப் போய் இன்னும் இரண்டு படி சறுக்க, சூட்கேஸ் திறந்து சட்டைகளெல்லாம் பறக்க, பக்கத்தில் நின்ற தொப்பைக்காரக் கலைஞர் ஒத்திகை என்பதையும் மறந்து நிஜமாகவே சிரித்துவிட்டார். பாதி வழியில் சூட்கேஸ் முதுகுக்கு அடியில் மாட்டியது. கடைசிப் படி. தரை. முகம் அந்தப் பக்கம். அசைவில்லை. ஹெட்போனில் யூனிட்டே வெடித்துச் சிரித்தது. லைட்மேன், மேக்கப்காரர், டிராலி தள்ளுகிறவர் என்று அத்தனை பேரும். ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் கட் சொல்லவில்லை. நாலு, அஞ்சு. "ஆளு இன்னும் இழுக்கறாருய்யா" என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது.

அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு குரல் இருந்தது. "கட் சொல்லுங்க சார்." இழுத்துப் பிடித்த, மெல்லிய குரல். கொஞ்சம் விட்டு மறுபடியும். "சார்... கட் சொல்லுங்க."

மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்களுக்கு அது இரைச்சல். இருபத்தைந்து வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்குக் கேட்காமல் எப்படிப் போகும்? "இன்னொரு தடவை போடுங்க தம்பி" என்றாள். இன்னொரு தடவை. அதற்கும் மேலே ஒரு தடவை. விழுந்ததுமே நினைவு போய்விட்டது, ஒன்றுமே தெரியவில்லை என்றுதான் அவர் அவளிடம் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தொடங்கி ஏழு மாதமும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். எதுவும் தெரியாமல் போனதே, அதுவரைக்கும் நல்லது என்று. பாவி மனுஷன், எல்லாம் தெரிந்துதான் கிடந்திருக்கிறார்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கன்சோல் அறைக்குள் போனாள். அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்த டைரக்டர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். டப்பிங்குக்கு வருபவள் அவள்தான் என்று அவருக்கும் முன்பே தெரிந்திருக்கவில்லை.

"இதை எடுத்துடுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொன்னா இப்பவே வெட்டிடறேன்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் வாரம் தவறாம எனக்கு போன் பண்றாரு. அந்த ஷாட்டைத் தூக்கிடாதீங்கன்னு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க." கொஞ்ச நேரம் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தவர், அவள் கேட்காமலே சொன்னார். "அன்னிக்கு நானும் சிரிச்சேம்மா. கட் சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் சரியாத் தூங்கினதில்ல." அவர் அழுதாலும் அவளுக்கு இரக்கம் வந்திருக்காது. மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் அவர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பழைய காமெடி, சத்தத்தை அணைத்திருந்தார். சத்தமில்லாமல் பார்த்தால்தான் எவன் ஒழுங்காக விழுகிறான் என்று தெரியுமாம். பகல் வெயில் போர்வை மேல் விழுந்திருந்தது.

"என்ன, சீக்கிரமா வந்துட்ட? இன்னிக்கு என்ன சிரிப்பு?" தினமும் கேட்பதுதான்.

"கும்பல் சிரிப்பு. மாடிப்படி சீன்."

ரிமோட்டைக் கீழே வைத்தார். முகம் முழுக்க வெளிச்சம் வந்துவிட்டது. "நம்ம மாடிப்படியா? பதினெட்டும் இருக்கா?"

"இருக்கு."

"தொப்பியைப் பிடிக்கப் போவேனே, அது?"

"இருக்கு." அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். "நினைவு போயிடுச்சுன்னு சொன்னீங்களே. கட் சொல்லுங்க, கட் சொல்லுங்கன்னு ரெண்டு தடவை கேட்டிருக்கீங்க. என் காதாலேயே கேட்டேன்."

அவர் டிவியைப் பார்த்தார். அதில் ஒருவன் வாளியில் கால் மாட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வாய் அசையறது தெரியுதா?"

"என்னது?"

"ஷாட்ல. நான் பேசறப்போ அசையறது தெரியுதா?"

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டு ஓவென்று அழ வேண்டும்போலவும் இருந்தது. "தெரியல. மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

"அப்ப சரி."

"என்ன சரி? ஏன் என்கிட்ட பொய் சொன்னீங்க?"

"நீ சிரிக்கிற வேலை பார்க்கிறவ. எனக்கு அப்போ எல்லாம் தெரிஞ்சுதுன்னு உனக்குத் தெரிஞ்சா, அப்புறம் எப்படிச் சிரிப்ப?" என்று அவளைப் பார்க்காமல் சொன்னார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் காலை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டாள். அவருக்கு அது தெரியவில்லை. "நான் சொன்னா வெட்டிடறேன்னு டைரக்டர் சொல்லியிருக்காரு. வெட்டத்தான் சொல்லப் போறேன். ஊரே உக்காந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறதை என்னால தாங்க முடியாது."

"கால் போச்சு. சரி, போகட்டும். அந்த ஷாட்டும் போயிடணுமா?" அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது. "இருபத்திரண்டு வருஷத்துல அந்த மாதிரி நான் விழுந்ததே இல்ல. உருள்றப்பவே எனக்குத் தெரிஞ்சுது, இது அமைஞ்சுடுச்சுன்னு. அது படத்துல இருந்தா நான் வேலை பார்த்தவன். எடுத்துட்டா, சும்மா மாடிப்படில தவறி விழுந்தவன். அவ்வளவுதாம்மா."

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் காலை டைரக்டரிடம், "இருக்கட்டும்" என்றாள். "ஆனா விழுந்ததும் மூணு எண்ணி வெட்டிடுங்க. மூணு வரைக்கும்தான் அவர் உங்களுக்காகக் கிடந்தாரு. அதுக்கப்புறம் இருக்கிறது எங்க வீட்டு விஷயம்." டைரக்டர் தலையை மட்டும் ஆட்டினார். எடிட்டருக்கு போன் போட்டார். அரை மணி நேரத்தில் வெட்டிய காட்சி வந்து சேர்ந்தது.

மற்ற மூன்று பேரின் சிரிப்பும் முந்தின நாளே முடிந்திருந்தது. அவளுடையதுதான் பாக்கி. மைக் முன்னால் தனியாக நின்றாள்.

"பைலட்டை ம்யூட் பண்ணிடட்டுமாக்கா? சத்தத்தை எடிட்டர் வெட்டல, முழுசா ஓடுது. உங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்."

"வேணாம் தம்பி. ஓடட்டும்." அவள் சிரித்து முடித்துவிட்டால் அந்தப் பழைய சத்தத்துக்கு வேலை இல்லை. அதற்கப்புறம் அந்தக் குரல் எங்கும் இருக்காது.

சிவப்பு விளக்கு எரிந்தது. தொப்பி, சறுக்கல், படிகள். அவள் அடிவயிற்றிலிருந்து சிரிப்பை எடுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. மரியாதைச் சிரிப்பு இல்லை, பொத்திச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. முதன்முதலில் அவர் அவளைச் சிரிக்க வைக்க, பஸ் ஸ்டாப்பில் நடந்து வந்து வேண்டுமென்றே கம்பத்தில் மோதி விழுந்தாரே, அன்று வந்த சிரிப்பு. கண்ணில் நீர் வழிந்தது. சிரித்தாலும் வழியுமே என்று விட்டுவிட்டாள். கடைசிப் படி. தரை. ஒன்று. இரண்டு. மூன்று.

திரை கறுப்பானது. அவள் சிரிப்பை நிறுத்தினாள். விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. காதுக்குள் யூனிட் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், "கட் சொல்லுங்க சார்" என்றது அவர் குரல். அவள் காத்திருந்தாள். "சார்... கட் சொல்லுங்க."

அவள் மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, "கட்" என்றாள்.

என்ஜினீயர் தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்துப் பதிவை நிறுத்தினார். விளக்கு அணைந்தது. டேக் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார். அவர் கையை இறக்கும் வரை அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.