மாடிப்படி விளக்கும் மேல்வீட்டுப் பாரமும்

சபைக் குழுக் கூட்டத்துக்கு அன்று வந்திருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த, கை வைத்த ஒரே நாற்காலியில் மூப்பர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேட்டையின் வரைபடத்தை மடியில் விரித்திருந்தார். அவருக்கு எதிரே, பெஞ்சின் நுனியில், கூப்பிட்டால் ஓடத் தயாராக இருப்பவர்போல இளம் போதகர். சுவரில் முதுகைச் சாய்த்தபடி, சட்டைக் கையில் மாவு ஒட்டியிருக்க, பேக்கரிக்காரர். ஜெபம் முடியுமுன்பே ஆமென் சொல்லிவிடுகிறவர் என்பதால் சபையில் அவருக்கு ‘ஆமென் அண்ணன்’ என்றே பெயர். கதவருகே, டியூட்டிக்குக் கிளம்ப வசதியாக, சீருடையோடு பஸ் டிரைவர். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. சபைக்கு அவள்தான் செயலாளர். சபை கூடும் மாடியறைக்குக் கீழே டயர் கடை என்பதால் யார் எழுந்து ஜெபித்தாலும் மூச்சோடு ரப்பர் வாசனையும் சேர்ந்தே உள்ளே போகும்.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றுதான். சரக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் ஒரு வீடு காலியாகியிருந்தது. இந்தச் சபையிலிருந்து ஒரு குடும்பம் அங்கே குடிபோய், அக்கம்பக்கத்தாரோடு பழகி, வீட்டிலேயே ஒரு ஜெபக்குழு தொடங்க முடியுமா என்று மிஷன் அலுவலகம் கேட்டிருந்தது. டிரைவரையும் அவர் மனைவியையும் மனதில் வைத்துத்தான் போதகர் தலையாட்டிக்கொண்டு இருந்தார். சனிக்கிழமைக்குள் கையெழுத்தும் முத்திரையுமாகப் பதில் போக வேண்டும்.

அவளுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு கண் இருந்தது உண்மை. கணவர் ஓட்டும் பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். அது அழைப்பா, வெறும் ஆசையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

“வாசல் அடைபட்டிருக்கு. அவ்வளவுதான்,” என்றார் மூப்பர். “நானும் போதகரும் நம்ம பேக்கரிக்காரரும் மூணு தடவை அங்க ஜெபநடை போயிட்டு வந்தாச்சு. மூணு தடவையும் அதே கதை. மாடிப்படியில நிக்கிறோம், ஜெபிக்கிறோம், பட்டுனு விளக்கு அணைஞ்சுடுது. அது சத்துருவோட, சாத்தானோட கோட்டைம்மா. குடும்பத்தை அங்க அனுப்பி நான் வினை தேடிக்க மாட்டேன்.”

“பாடும்போது அணைஞ்சுதாய்யா, ஜெபிக்கும்போதா?” என்று கேட்டாள் அவள்.

“பாடும்போது ஒண்ணும் ஆகல. கண்ணை மூடிக்கிட்டு, அசையாம, கர்த்தர் என்ன சொல்றார்னு காத்திருக்கிறோம் பாரு, அப்பத்தான். கண்ணு மூடியிருந்தாலும் இமைக்குள்ள இருட்டு விழறது தெரியும்.”

“திரும்ப எப்ப எரிஞ்சுது?”

ஆமென் அண்ணன் சுவரை விட்டு நிமிர்ந்தார். “அதை ஏன் கேக்கிற தங்கச்சி! நான் கையைத் தூக்கி ஆமென்னு ஒரு சத்தம் போட்டேன். குப்புனு வெளிச்சம். ஒரு தடவை இல்ல, மூணு தடவையும். அன்னிலேருந்து எனக்கே என்னைப் பார்த்தா கொஞ்சம் பயமா இருக்கு.”

“பேக்கரியில கரண்ட் போனா இனிமே அண்ணனே போதும்,” என்றார் டிரைவர். போதகர் சிரிப்பை இருமலாக்கினார். மூப்பர் யாரையும் பார்க்காமல் வரைபடத்தை மடித்தார்.

சபையின் வழக்கம், ஒருமனம் இல்லாமல் எதையும் தொடங்குவதில்லை என்பது. மூப்பர் மனம் ஒப்பவில்லை என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ‘வாசல் இன்னும் திறக்கப்படவில்லை என உணர்கிறோம்’ என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதும்படி செயலாளரிடம் சொன்னார்கள். அவள் சரி என்றாள். ஆனால் வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்து வைத்தவளுக்கு இரண்டாவது வரிக்கு மேல் பேனா நகரவில்லை. நமக்கு மட்டும் அணைகிற விளக்கு, அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன செய்கிறது?

கணவரிடம் கேட்டாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீ எங்க சொன்னாலும் வர்றேன். அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிடு. அவர் கூப்பிடுறாரா, உனக்கு ஆசையா? ஆசைன்னா ஆறு மாசத்துல தீர்ந்துடும். அப்புறம் நான் ரெண்டு தடவை சாமான் ஏத்தி இறக்கணும்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் கடையிலிருந்து நேராக அந்தக் கட்டடத்துக்குப் போனாள். கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததும் மாடிப்படியில் வெளிச்சம் வந்தது. ஜன்னலே இல்லாத படிக்கட்டு. பட்டப்பகலிலும் விளக்கு இல்லாவிட்டால் கை தெரியாது. முதல் மாடித் திருப்பத்தில் நின்று, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர்கள் நின்றதுபோலவே கண்ணை மூடி அசையாமல் நின்றாள்.

பட்டென்று இருட்டு.

நம்பாதவள்போல வந்தவளுக்கே பயம் வந்துவிட்டது. வாய்விட்டு ஜெபித்தாள். இருட்டு அசையவில்லை. இன்னும் சத்தமாக ஜெபித்தாள். அப்போதும் இல்லை. ஆமென் என்றும் சொல்லிப் பார்த்தாள்; அண்ணனுக்கு இருந்த வல்லமை அவளுக்கு இல்லை போலும். அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. கையைத் தூக்கினாள். வெளிச்சம் வந்துவிட்டது.

அண்ணாந்து பார்த்தாள். கூரையில், விளக்குக்குப் பக்கத்தில், சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் அசைந்தால் எரிகிற, அசையாவிட்டால் அணைகிற விளக்கு. சிக்கனத்துக்காக வைத்தது. படியில் யாராவது ஏறுவார்கள், இறங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு சிலைபோல நிற்க ஒரு கூட்டம் வரும் என்று அதை மாட்டியவன் நினைத்திருக்க வழியில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

பக்கத்துக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. தூக்கம் கலைந்த முகத்தோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க அது, தனியா நின்னு சிரிக்கிறது?”

“மன்னிச்சுக்கங்கக்கா. விளக்கைப் பார்த்துச் சிரிச்சேன்.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க அந்த இருட்டுக் கூட்டமா?”

“எந்தக் கூட்டம்?”

“மூணு ஆம்பளைங்க வருவாங்க. படியில வந்து நிப்பாங்க, ஆடாம அசையாம. விளக்கு அணைஞ்சும் போக மாட்டாங்க. திடீர்னு ஒருத்தர் கத்துவாரு. எம் பொண்ணு அதுக்கப்புறம் தனியா குப்பை கொட்டக்கூடப் போறதில்ல. என்ன மந்திரம் பண்றாங்களோ, எவனுக்குச் சூனியம் வைக்கிறாங்களோன்னு பில்டிங்கே நடுங்கிக்கிட்டு இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “நாங்க ஜெபிக்க வந்தோம்க்கா. உங்களுக்காக.”

“எங்களுக்காகவா? ஒரு தடவை கதவைத் தட்டி யாருன்னு சொல்லியிருக்கலாமே!”

சங்கிலி கழன்றது. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையில் அந்தப் பெண்ணுக்கு இரவு ஷிப்ட். பகலில்தான் தூங்க முடியும். தண்ணீர் கொடுத்தாள். காலியான வீடு எது என்று கேட்டபோது விரலால் மேலே காட்டினாள்.

“அஞ்சாவது மாடி. வர்றவங்க யாரும் தங்கறதில்ல. எதிர் வீட்டுல ஒரு அண்ணன் இருக்காரு. மனைவி இறந்துபோனதிலிருந்து கதவே திறக்கிறதில்ல. நாங்க முறை போட்டுச் சாப்பாடு வைக்கிறோம். டப்பா கழுவி வெளிய வந்துடும், ஆளு வராது. அங்க ஏறினாலே ஒரு மாதிரி இருக்கும். நான் வெச்சுட்டு ஓடி வந்துடுவேன். உங்ககிட்ட ஏன் மறைக்கணும்?”

அவள் ஏறினாள். நான்காம் மாடிவரை ஒன்றுமில்லை. ஐந்தாம் மாடித் தளத்தில் கால் வைத்ததும், யாரோ இரண்டு தோளிலும் கையூன்றிச் சாய்ந்ததுபோல இருந்தது. விளக்கு அணைந்துவிடாதபடி ஒரு கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. பாரம் அப்படியே இருந்தது.

கடையில் அவள் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. ஒரு கண்ணை மூடச் சொல்லி மறு கண்ணைத்தான் பார்ப்பாள். ஒரே நேரத்தில் இரண்டு கண்ணாடியை மாற்ற மாட்டாள். அதே முறையில் இதையும் பார்த்தாள். நான்காம் மாடிக்கு இறங்கினாள்: பாரம் இல்லை. ஏறினாள்: இருந்தது. மூச்சு வாங்குவதால் இருக்கலாம் என்று உட்கார்ந்து இளைப்பாறினாள். மூச்சு சீரானது, பாரம் போகவில்லை. அதோடு ஒரு நினைப்பும் வந்தது. அது அவள் குரலிலேயே பேசியது. ‘நீ யார் இவங்களை உய்விக்க? நல்ல வேலை, நல்ல வீடு இருக்கு. போய் அந்தக் கடிதத்தை முடி. இவன் செத்தா உனக்கென்ன?’ கடைசி வாக்கியத்தில் அவள் திடுக்கிட்டாள். அவளுக்குக் கோபம் வரும், பொறாமை வரும். ஆனால் அப்படி ஒரு வாக்கியம் அவளுக்குள்ளிருந்து வந்ததில்லை. இது எங்கிருந்து வருகிறது? பயத்தைவிட அந்தக் கேள்விதான் அவளை அங்கே நிறுத்தியது.

பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது இருந்த ஆசை சுத்தமாக வடிந்துவிட்டிருந்தது. இறங்கி ஓடினால் போதும் என்று கால் கெஞ்சியது. ஆனாலும் கையை ஆட்டியபடியே அந்த அண்ணன் வீட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னாள், “அண்ணா, நான் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறேன். சும்மா ஏறி வந்தேன்.”

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு, பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்: “அசையாதீங்க. விளக்கு அணையட்டும். கதவுக்கு அடியில கண்ணைக் குத்துது.”

அவள் கையைக் கீழே போட்டாள். அசையாமல் இருந்தாள். விளக்கு அணைந்தது. உதட்டை அசைக்காமல் இயேசுவின் பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை. பாரம் போகவில்லை. ஆனால் ஏறவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவது கேட்டது. இருவரும் அப்படியே இருந்தார்கள்.

“எந்த வீடு நீங்க?” என்று கேட்டார் அவர்.

“இந்த பில்டிங்ல இன்னும் வரலண்ணா,” என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மாலையில் குழு மறுபடி கூடியது. நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். விளக்குச் சமாச்சாரம் முடிந்ததும் ஆமென் அண்ணன் வாடிப்போனார்.

“அப்ப எல்லாம் என் கைதானா? வாய்க்கு ஒண்ணுமில்லையா?”

“கையைத் தூக்கினதும் ஜெபம்தானே அண்ணே,” என்று போதகர் ஆறுதல் சொன்னார்.

மூப்பர் முகம் சிவந்திருந்தது. “அதாவது, ஒரு சுவிட்சைப் பார்த்து மூணு வாரம் நான் உபவாசம் இருந்திருக்கேன். சத்துருவே இல்லைங்கிற, அப்படித்தானே?”

“இல்லைங்கய்யா. விளக்குல இல்லைங்கிறேன். மேல இருக்கு. வெளிச்சத்துலயும் இருந்துச்சு, இருட்டுலயும் இருந்துச்சு. அது துக்கமா, வேற ஏதாவதான்னு இன்னும் எனக்குத் தெளிவாத் தெரியல. படியில நின்னு தெரிஞ்சுக்க முடியாது. அங்கயே இருந்தாத்தான் தெரியும்.”

மூப்பர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அந்தப் பிள்ளை பயந்துடுச்சுன்னு சொன்னியே,” என்றார். “குப்பை கொட்டப் போறதில்லன்னு.”

“ஆமாங்கய்யா.”

“நான் போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரேன். கதவைத் தட்டித்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கு இப்ப தடையில்ல. ஆனா இவ புருஷன் என்ன சொல்றார்?” என்றார்.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். டிரைவர் அவளை மட்டும் பார்த்தார். “நேத்து கேட்டேனே.”

“ஆசையாத்தான் இருந்துச்சு,” என்றாள் அவள். “அந்தக் கதவு முன்னாடி அது போயிடுச்சுங்க. ஓடணும்னுதான் இருந்துச்சு. ஆசை போனப்புறமும் வர்றேன்கிற மாதிரி ஒண்ணு வாயில வந்துது. நான் அதை யோசிச்சுச் சொல்லல.”

அவர் தாடையைத் தடவினார். “லிஃப்ட் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப அழைப்புதான். சத்துரு கூப்பிட்டிருந்தா லிஃப்ட் வெச்சுக் கூப்பிட்டிருப்பான்.” மூப்பரே சிரித்துவிட்டார். டிரைவர் சிரிக்கவில்லை, மனைவியின் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவள் புதிதாக எழுத உட்கார்ந்தாள். ‘ஐந்தாம் மாடி வீட்டுக்கு எங்கள் சபையிலிருந்து ஒரு குடும்பம் குடிபோகிறது. எதிர் வீட்டில் ஒருவர் தனியாக இருக்கிறார். எங்களை எதிர்ப்பது எது என்பதை நாங்கள் முழுதாக அறியோம்; எங்களுக்காக ஜெபியுங்கள். குடியிருப்பவர்களை நாங்களே பயமுறுத்தியிருக்கிறோம். அதையும் சொல்ல வேண்டியது கடமை.’ விளக்கைப் பற்றி விவரமாக எழுத வேண்டாம் என்று மூப்பர் தோளுக்கு மேலிருந்து கேட்டுக்கொண்டார். சரி என்று விட்டுவிட்டாள். போதகர் கையெழுத்துப் போட்டார். மூப்பர் முத்திரையை ஊதி, அழுத்திக் குத்தினார்.

அவள் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். பசை தடவி, ஓரத்திலிருந்து ஓரம்வரை கட்டைவிரலால் நீவினாள். தெருமுனைக்குப் போனபோது தபால்காரர் பெட்டியைத் திறந்து பைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கையிலேயே கொடுத்தாள். அவர் முகவரியை ஒருதரம் பார்த்தார், பையில் போட்டார், பையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வண்டியில் ஏற்றினார்.