இறக்கத்தில் கூட வந்தவர்

பியூலாவின் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும்; பெடல் சுற்றுகிற வரைக்கும் காலும் சுற்றியாக வேண்டும். மைதானத்தில் வட்டமடித்துப் பந்தயம் விடுவதற்கென்று செய்த வண்டி. மாநில அணியில் இருந்தபோது வாங்கியது. அடுத்த வருஷம் அணியில் அவள் பெயர் வரவில்லை. டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்த பிறகும் வண்டியை மட்டும் அவள் விடவில்லை. ரோட்டில் ஓட்டுவதற்காக முன்பக்கம் ஒரு பிரேக் பொருத்திக்கொண்டாள்.

லீவு நாட்களில் தாம்பரத்திலிருந்து ஐந்தாறு பேர் சேர்ந்து ஊருக்கு வெளியே சைக்கிளில் போய் வருவார்கள். ரயில்வேயில் இருந்த சம்பந்தம் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. பியூலாவின் அண்ணன் தேவானந்தமும் வருவான். எண்பத்தேழில், போகியன்று காலை, வண்டலூர் தாண்டி மலைப்பக்கம் போவதென்று முடிவாயிற்று.

“மேடும் பள்ளமுமா இருக்கும்மா,” என்றார் சம்பந்தம். “என்கிட்ட இன்னொரு வண்டி இருக்கு, அதை எடுத்துக்கோ.”

“ஏத்தத்துல உங்களுக்கு முன்னாடி நிப்பேன் சார்.”

“ஏத்தம் சரி. எறக்கத்துல என்ன பண்ணுவே?”

“மிதிப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

பெருங்களத்தூரிலேயே புகை. தெருவுக்குத் தெரு பழம்பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. வண்டலூர் தாண்டினால் குறையும் என்று பார்த்தார்கள்; அங்கே பனியும் சேர்ந்துகொண்டது. மலை இருக்கிற பக்கமே தெரியவில்லை. ரோடு மேலே ஏறுகிறது என்பது தொடை வலித்ததில்தான் தெரிந்தது.

பியூலா சொன்னபடியே முதலில் உச்சிக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இறக்கம் தொடங்கியதும் அவர்கள் காலை நிறுத்திக்கொண்டார்கள். ஃப்ரீவீல்கள் கிரிச்சென்று சேர்ந்து கத்த, ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள்.

“கீழ டீக்கடையில நிக்கிறோம், மெதுவா வா!” என்று தேவானந்தம் கத்தினான்.

சத்தம் தேய்ந்து நின்றது. அவளுடைய சங்கிலியின் மெல்லிய உராய்வு மட்டும்தான் மிச்சம். புகைக்குள் தனியாக, கால் பரபரவென்று சுழல, அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரத்தில், முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, உயரமான ஆள். சம்பந்தம்தான் நின்று வருகிறாரோ என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் அந்த ஆளின் கால்களைப் பார்த்தாள். இத்தனை சரிவில் அவை நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தன. அவனுக்கும் ஃப்ரீவீல் இல்லை.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தப் பக்கத்தில் தன்னைப்போல் இன்னொரு ஆள்!

“சார், எந்த கிளப்?”

அவன் தார் ரோட்டைவிட்டு இடதுபுறம் ஒரு ஜல்லிப் பாதையில் திரும்பினான். டீக்கடைக்கு இதுதான் வழி போலிருக்கிறது என்று அவளும் திரும்பினாள்.

ஜல்லியில் வண்டி குலுங்கியது. வேகத்தைக் குறைக்கலாமென்று, எப்போதும் செய்வதுபோல் பெடலைப் பின்னுக்கு அழுத்தினாள். பெடல் கேட்கவில்லை. பிரேக்கைப் பிடித்தாள். ரப்பர் கருகும் வாசனை வந்ததே தவிர வேகம் குறையவில்லை. அப்போதுதான் கவனித்தாள். அவனுடைய வலது கால் கீழே வரும்போது அவளுடைய வலது காலும் கீழே வந்தது. அவன் வேகம் கூட்டினான். அவள் முழங்கால்களும் படபடவென்று ஏறி இறங்கின. அவள் மிதிக்கவே இல்லை. பெடல்தான் அவள் கால்களை இழுத்துக்கொண்டு போனது. பாதங்கள் இரண்டும் தோல் வாரால் பெடலோடு கட்டப்பட்டிருந்தன. குனிந்து வாரை அவிழ்க்க முடியாத வேகம்.

“அண்ணா!” என்று அலறினாள். தேவானந்தத்தைத்தான் கூப்பிட்டாள்.

முன்னால் போனவன் திரும்பிப் பார்த்தான்.

சாதாரண முகம். முப்பது வயதிருக்கும், நெற்றியில் வியர்வை. எத்தனையோ காலம் கழித்து யாரோ தன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பதுபோல் அந்த முகம் மலர்ந்தது. அந்த நொடியில் பெடல் தளர்ந்தது. பியூலா குனிந்து ஒரு வாரை இழுத்தாள், இன்னொன்றை இழுத்தாள், அப்படியே பக்கத்தில் இருந்த முட்புதரில் சாய்ந்து விழுந்தாள்.

தோளில் ஏதோ முறிந்தது. சைக்கிள் விழவில்லை. ஆளில்லாமல், பெடல்கள் தாமாகச் சுழல, நேராகப் புகைக்குள் போய் மறைந்தது. விழுந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை.

எழுந்து நாலு எட்டு நடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாதை அங்கே முடிந்துபோயிருந்தது. கீழே கல்குவாரி, பாறையை வெட்டியெடுத்த பள்ளத்தில் கறுப்பாகத் தண்ணீர்.

பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண் சுத்தியலோடு ஓடி வந்தாள். குவாரியில் கல்லுடைக்கிறவள், பேர் கன்னியம்மா.

“இன்னாம்மா, நல்லா அடிபட்டுப்போச்சா? அவரு சொன்னாரு.”

“யாரு?”

“உங்கூட வந்தவருதான். ‘தங்கச்சி வுழுந்துடுச்சு, கொஞ்சம் பாரு’ன்னு சொல்லிட்டு, உன் வண்டிய ஒரு கையில புட்ச்சிகினு மேல ஏறிப் போய்க்கினே கீறாரு.” அவள் காட்டியது பியூலா வந்த அதே பாதையை. “உன்னத் தாண்டித்தானேம்மா போனாரு? நீ பாக்கல?”

அந்தப் பாதையில் அப்போது தேவானந்தமும் சம்பந்தமும் வந்துகொண்டிருந்தார்கள். ரொம்ப நேரமாகியும் அவள் வராததால் தேடி மேலேறி வந்தவர்கள், அலறல் கேட்டு ஜல்லிப் பாதையில் திரும்பியிருந்தார்கள். எதிரே யாரும் வரவில்லை என்றார்கள். தேவானந்தம் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தங்கையின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான். டீக்கடைக்குப் போகிற வரைக்கும் அவன் அதை விடவில்லை.

பியூலாவுக்குக் காறையெலும்பு முறிந்திருந்தது. சம்பந்தம் பொங்கல் கழிந்ததும் குவாரித் தண்ணீரில் ஆளை இறக்கித் தேடச் சொன்னார். சைக்கிள் கிடைக்கவில்லை.

கட்டுப் பிரிக்காமல் வீட்டில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மாறுதலுக்காக அண்ணன் அவளைப் பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிப்போனான். பழைய சாமான் விற்கிற வரிசையில், மின்விசிறிகளுக்கும் தையல் மிஷின்களுக்கும் நடுவில் அது நின்றிருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு. சீட்டை மட்டும் யாரோ வெகுவாக உயர்த்தியிருந்தார்கள். பியூலா ஏறினால் கால் எட்டாது.

“பியூலா, இது உன்னுதுதானே?”

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். ஹேண்டில் அடியில் தான் கீறி வைத்த முதலெழுத்து இருந்தது. ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பெடல், தொட ஆளில்லாமல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் முன்னால் நகர்ந்தது.

“இல்லண்ணா. வேற யாருதோ.”

திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாம்பரம் வருகிற வரைக்கும் நல்ல கையால் முழங்காலை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.