பிஸ்கட் கணக்கு

டயர் கடைக்காரர் உடம்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் வாயில் போட்டதையெல்லாம் ஒளிக்காமல் செல்போனில் குறித்துவந்தார். கடையில் கூட வேலை பார்த்த மச்சினன் ஒருநாள் அந்தப் போனை எடுத்து, வாடிக்கையாளர்கள் முன்னால் உரக்கப் படித்தான்.

“பத்து மணி, பிஸ்கட் ரெண்டு. பத்தேகால், இன்னும் ரெண்டு. அப்புறம், மனசு கேக்கல, மிச்சமும்!”

கடையே குலுங்கிச் சிரித்தது.

“குடுடா போனை.”

“இருங்க மாமா, கடலைக் கணக்கு இன்னும் படிக்கல.”

அவருக்குக் கண்மண் தெரியவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து டயர் அடுக்கில் மோதி, முகத்தில் குத்தினார். அவன் திமிறி அவர் வயிற்றில் உதைத்தான். அவர் மறுபடி குத்தியபோது எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ரத்தத்தோடு பல்லும் விழுந்தது. நாலு பேர் பிடித்து இழுத்தும் அவர் கை ஓயவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். குணமாகும்வரை உறிஞ்சுகுழாய்தான் என்றார்கள். மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் சூப் கிண்ணத்தைக் கையில் திணித்தாள்.

“என் தம்பிய அடிச்ச கையாலயே குடுங்க.”

குழாயை உதட்டருகே கொண்டுபோனார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஒரு வாய்டா,” என்று கெஞ்சினார்.

சூப் ஆறிப்போன பிறகும் அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.