குதிரைமேட்டுக் கொலுசு

குதிரைமேட்டில் பலகை வைத்துவிட்டார்கள். பச்சைப் பலகை, மஞ்சள் எழுத்து. இது பாதுகாக்கப்பட்ட புல்வெளி, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, மெட்டல் டிடெக்டர் பயன்படுத்தக் கூடாது, மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் எல்லாம் அரசுக்கே சொந்தம். நின்று நிதானமாகப் படித்தேன். இன்னொரு தடவை படித்திருந்தால் பலகையைப் பிடுங்கி ஓடையில் வீசியிருப்பேன். இந்தத் தெய்வானைக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊட்டி மார்க்கெட்டுக்கே தெரியும்.

என் மகள் அந்த மேட்டில்தான் இருக்கிறாள். மூன்று மாதக் குழந்தையாக அங்கே போனவள். அப்படியானால் அவளும் அரசுக்குச் சொந்தமா? பலகையிடம் கேட்டால் பலகை என்ன சொல்லும்.

அப்போது மேட்டுக்குக் கீழே ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆடி மாதக் காற்று கதவைப் பெயர்த்துக்கொண்டிருந்த வாரத்தில் குழந்தைக்குச் சளி நெஞ்சில் கட்டி, போய்விட்டாள். கைக்குழந்தையை எரிக்கிற வழக்கம் எங்களில் இல்லை, மண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். மேலே கல்லோ பெயரோ வைக்கிற வழக்கம் இல்லை. பெற்றவள் கூடப் போகிற வழக்கம் இல்லவே இல்லை. இத்தனை இல்லைகளையும் யார் உட்கார்ந்து ஏற்படுத்தினார்களோ, அவர்கள் மட்டும் என் கையில் கிடைக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் லிங்கசாமியும் அவருடைய அண்ணனும் குழந்தையைத் துண்டில் சுற்றினார்கள். கொலுசைக் கழற்ற வந்த கையை எழுந்து தட்டிவிட்டேன். என் அண்ணன் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்த வெள்ளிக் கொலுசு. அது அவளோடேயே போகட்டும் என்றேன்.

பிறகு எத்தனையோ வருடம் அவரைக் கேட்டிருக்கிறேன், எங்கே, எங்கே என்று. "ஓடைக்கு மேல, ஒரு சீகை மரத்துக்கிட்ட" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். அடுத்துப் பிறந்தவன் வளர்ந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனான். அவருடைய அண்ணன், என் மச்சாண்டாரும் காலமானார். வெள்ளைக்காரன் கொண்டுவந்து மேட்டில் நட்ட சீகை மரங்களையும் வெட்டிவிட்டார்கள். என் கேள்வி மட்டும் வெட்ட வெட்டத் துளிர்த்தது.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் அவர் ஒரு குச்சியை வாங்கி வந்தார். மார்க்கெட்டில் பூட்டும் டார்ச்சும் கத்தரிக்கோலும் விற்கிற மனிதர், ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறார். ஒரு முனையில் வட்டத் தட்டு, மறுமுனையில் கைப்பிடி, காதுக்கு ஹெட்போன். "ஏனுங்க, புதையல் எடுத்து என்னைத் தங்கத்துல இழைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர் பேட்டரி போட்டார். அவருக்கு ஏதோ முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடை லீவு விட்ட நாளெல்லாம் குதிரைமேட்டுக்குப் போனார். அந்தப் புல்சரிவில் டூரிஸ்ட்டுகள் உருளாத நாள் இல்லை, எதையாவது தொலைக்காத நாளும் இல்லை. கார் சாவி, கல்யாண மோதிரம், ஒற்றைத் தோடு. இவர் தட்டை ஆட்டிக்கொண்டே நடந்து போய் எடுத்துக் கொடுப்பார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு புதுப்பெண், மோதிரம் கிடைத்த சந்தோஷத்தில் இவர் காலில் விழுந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

பிறகு ஒரு நாள் என்னையும் கூப்பிட்டார். "வா அம்மிணி, ஒண்ணு காட்டறேன்."

மேட்டில் பனி ஏறிக்கொண்டிருந்தது. மேய்கிற குதிரைகள் பாதி தெரிந்தன, பாதி கரைந்தன. ஓடைக்கு மேலே ஒரு வெள்ளைக் கல் பக்கத்தில் என்னை நிறுத்தி, ஹெட்போனை என் காதில் மாட்டினார். காற்று, ஓடை, தூரத்து பஸ், எல்லாம் சட்டென்று அணைந்தன. காதுக்குள் மண் மட்டும் மெல்ல மூச்சு விட்டது. பழைய ஆணி கிடந்த இடத்தில் உறுமியது. சிகரெட் தகட்டுக்குத் தும்மியது. கல்லை ஒட்டித் தட்டு போனதும் ஒரு சத்தம் வந்தது. ணிங். சின்ன மணியை யாரோ தண்ணீருக்குள் ஆட்டின மாதிரி. தட்டு திரும்பி வந்தது. மறுபடியும் ணிங்.

"வெள்ளி இப்படித்தான் கேக்கும்" என்றார் அவர்.

ஒரு சாண் ஆழம் வரைதான் குச்சிக்குக் கேட்கும் என்றார். குழந்தையை இவ்வளவு மேலாகவா புதைத்தீர்கள் என்று கேட்டேன். மழையில் மண் கரைந்திருக்கும் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் முழங்கால் புல்லில் பதிந்திருந்தது. வர்ஷா என்று பெயர் வைத்திருந்தோம், ஆனால் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பா, என்றேன். ணிங், என்றாள்.

தோண்டவில்லை. தூங்குகிற பிள்ளையை யாராவது எழுப்புவார்களா? கேட்டுவிட்டு வந்துவிடுவோம். பனிக்காலத்தில் புல் வெள்ளையாக இருக்கும்போதும், மழைக்கு முன்னால் மேடு முழுக்கச் சின்னச் சின்ன நீலப்பூ பூத்திருக்கும்போதும் போனோம். நான் கல் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கிடத்தின மாதிரி கைப்பிடியை வைத்துக்கொண்டு, தட்டை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். தொட்டில் ஆட்டுகிற அதே ஆட்டம்தான். ஆராரோ பாடுவேன். பாதியில் கண்ணைச் சொக்கும். பனிக்குள் யாரோ சின்னக் காலை வைத்து ஓடுகிற மாதிரியும், எனக்கு இருபத்து நான்கு வயது மாதிரியும், வீட்டில் பால் பொங்கிக்கொண்டிருக்கிற மாதிரியும் இருக்கும். என் வாழ்க்கையில் நான் யாரையும் திட்டாத நேரம் அதுதான்.

நான் பாட ஆரம்பித்தால் மட்டும் அவர் எழுந்து, தார்ரோட்டுப் பக்கம் போய்விடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று ஒதுங்குகிறார், பரவாயில்லை, மனிதருக்கு இங்கிதம் தெரிகிறது என்று நினைத்தேன்.

பலகை வைத்த வாரம் சுபின் வந்து விவரம் சொன்னான். நாடுகாணிக்காரன், பேச்சில் பாதி மலையாளம், ஃபாரஸ்ட் கார்டு, எங்களை நன்றாகத் தெரியும். சீகை மாதிரி அந்நிய மரமெல்லாம் வெட்டியாயிற்று, இனிப் பழைய மலைப்புல்லை நட்டு வளர்க்கப் போகிறார்கள், சுற்றிலும் கம்பி வேலி, ஆடு மாடு மனிதர் யாரும் நுழைய முடியாது. நல்ல காரியம்தான். நல்ல காரியமாக இருந்து தொலைத்ததால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. கெட்ட காரியமென்றால் கத்தியாவது தீர்த்திருக்கலாம்.

"ஞான் சாதாரண கார்டு, சேச்சி. நாளைக்குச் சாயங்காலம் வேலியை மூடிருவாங்க. அதுக்கு முன்னாடி ஒருக்கா வாங்க, நான் பாத்துக்கறேன். அப்புறம் வந்தா எனக்கு வேலை போயிரும்" என்றான்.

வீட்டில் சண்டை நடந்தது. எடுத்து வந்துவிடலாம் என்றேன் நான். கொலுசாவது என் கையில் இருக்கட்டும், எந்த அதிகாரியும் அதற்கு வேலி போட முடியாது. அவர் வேண்டாம் என்றார். "கெடக்கட்டும் அம்மிணி. அதைத் தொந்தரவு பண்ணாத." எப்போதும் நான் சொன்னதற்குத் தலையாட்டுகிற மனிதர் அன்று விடாமல் மறுத்தார். "உங்களுக்கென்னங்க, நீங்க கூடப் போனீங்க, பாத்தீங்க. நான் எதைப் பாத்தேன்?" என்று கேட்டேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் போனபோது பனி மேட்டை முழுசாக விழுங்கியிருந்தது. கம்பங்கள் நட்டாகிவிட்டன, சுற்றி வந்த வேலியில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி மட்டும் பாக்கி. சுபின் அங்கே நின்று வேறு பக்கம் பார்த்தான். வெள்ளைக் கல்லைத் தடவித்தான் கண்டுபிடித்தேன். தட்டை ஆட்டினேன். ணிங். கடைசித் தடவை என்று சொல்லிக் களைக்கொத்தால் மண்ணை விலக்கினேன், நகம் பட்டுவிடுமோ என்கிற பயத்தோடு.

ஒரு சாண் கூட ஆழமில்லை. என்னவோ மினுங்கியது. விரலால் மண்ணைத் துடைத்தேன்.

பீர் டின். நசுங்கி, வாய் திறந்து, உள்ளே மண் அடைத்த பீர் டின். எவனோ குடித்துவிட்டுக் காலால் மிதித்துவிட்டுப் போயிருக்கிறான்.

அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, குழியில் மறுபடியும் தட்டை ஆட்டினேன். சத்தம் இல்லை. இன்னும் தோண்டினேன், கல் வரும்வரை தோண்டினேன். ஆட்டினேன். மண் மூச்சு விட்டதே தவிரப் பேசவில்லை. நான் இத்தனை நாளும் ஒரு பீர் டின்னுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறேன்.

"என்னுங்க இது?" என்றேன்.

அவர் குழியின் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். பனியில் முகம் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"எனக்கு எடம் தெரியாது அம்மிணி. நான் ரோட்டு மேலயே உக்காந்துட்டேன். காலு வரல. அண்ணந்தான் தூக்கிட்டுப் போச்சு. திரும்பி வந்து கையைக் கழுவிட்டு, சீகை மரத்துக்கிட்டன்னு மட்டும் சொல்லுச்சு. அப்ப மேடு பூராச் சீகை மரந்தானே." ஒரு கட்டி மண்ணைக் குழிக்குள் உருட்டிவிட்டார். "நீ கேட்டுக்கிட்டே இருந்தே. எப்படியாச்சும் கண்டுபிடிச்சுரலாம்னுதான் இந்தக் குச்சியை வாங்குனேன். இங்க இந்தச் சத்தம் வந்துச்சு. இதாத்தான் இருக்கும்னு எனக்கே நம்பிக்கை வந்துருச்சு. உன்ற மொகத்தைப் பாத்தப்புறம் சந்தேகம்னு சொல்ல வாய் வரல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஊரில் எல்லோருக்கும் என்னிடம் ஒரு வசவு இருக்கிறது, இவருக்கு மட்டும் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் பாடும்போது அவர் எழுந்து போனது தார்ரோட்டுக்கு. அன்றைக்குக் கால் வராமல் உட்கார்ந்த அதே இடத்துக்கு. பெற்றவளைத்தான் போகவிடவில்லை என்று இத்தனை காலம் வழக்கத்தோடு மல்லுக்கு நின்றேனே, பெற்றவரும் போகவில்லை. அவள் எங்கள் இரண்டு பேரும் இல்லாமல்தான் போயிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, குழியைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து.

குழியைச் சேர்ந்தே மூடினோம். டின்னை ஓடைப் பக்கம் எறியப் போனார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

இடைவெளியில் சுபின் தயங்கினான். பையைப் பார்க்கச் சொல்லி அவனுக்கு உத்தரவாம். திறந்து காட்டினேன்.

"அரசாங்கச் சொத்து. எடுத்துக்கிட்டு ரசீது குடு" என்றேன்.

அவன் டின்னையும் என் முகத்தையும் பார்த்தான். சிரிப்பதா என்று தெரியாமல் நின்று, "கொண்டு பொய்க்கோ சேச்சி" என்று வழி விட்டான். நாங்கள் ரோட்டுக்கு ஏறும்போது பின்னால் கம்பியை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து டின்னைக் கழுவினேன். மண் போயிற்று, நசுங்கல் போகவில்லை. குப்பைத் தொட்டிக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். போட முடியவில்லை. நான் பாடினதையெல்லாம் கேட்டது இதுதானே. ஜன்னலோரம் செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மகன் லீவில் வந்தால், "அம்மா, நம்மூட்ல யாரு பீர் குடிக்கறது?" என்று கேட்பான். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மார்க்கெட்டுக்குப் போக முடியாத ஒரு மத்தியானம், அவர் அலமாரிக்கு மேலிருந்து குச்சியை இறக்கினார். துடைத்தார், பேட்டரி போட்டார். ஜன்னலோரத்து டின்னை எடுத்து, பழைய போர்வையை நான்காக மடித்து அதன்மேல் கிடத்தினார். ஹெட்போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எனக்கு மட்டும் எதுக்குங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு ஹெட்போன் வயரைப் பிடுங்கினார். தட்டை டின்னுக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோனேன். ணிங். வீடு முழுக்கக் கேட்டது. அது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அதே சத்தம்தான். வெளியே மேடும் வேலியும் பனிக்குள் எங்கேயோ இருந்தன, தட்டு இப்படியும் அப்படியும் போய் வந்தது, என் கண் தானாகச் சொக்கியது.

நான் பாட ஆரம்பித்தேன். இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை.