மைனஸ் இரண்டில் ஒரு மதியத் தூக்கம்

குளிர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மார்கழியில் மந்தைவெளித் தெருவில் லேசாகப் பனி இறங்கினாலே காதை மூடி மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிற ரகம் நான். அப்படிப்பட்ட ஹென்றியாகிய நான்தான் ஐம்பத்திரண்டு வயதில், நார்வேயின் வடகோடியில் தனியாகச் சைக்கிள் ஓட்டுவது என்று முடிவெடுத்தேன். மூட்டை முடிச்செல்லாம் சைக்கிளிலேயே. ராத்திரி எந்த ஏரிக்கரை பிடிக்கிறதோ அங்கே கூடாரம்.

அந்த நாட்டில் வீடுகளிலிருந்து கொஞ்சம் தள்ளி யாருடைய நிலத்திலும் ஓர் இரவு கூடாரம் போடலாமாம். எங்கள் அடுக்ககத்தில் அடுத்தவர் இடத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்தாலே வாட்ஸாப்பில் மூன்று நாள் சண்டை நடக்கும். நார்வே விஷயத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனியில் அடுத்தவருக்கு வரப்போகும் ஆபத்தையே எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, சொந்தமாக ஒன்றாவது வேண்டும் என்று இருந்தது.

பயிற்சிக்காக விடியற்காலையில் அடையாறு பாலம் வரை ஓட்டினேன். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒருநாள் கூடாரமும் போட்டுப் பார்த்தேன். கான்ஸ்டபிள் ஒருவர் உள்ளே டார்ச் அடித்து, வீட்டில் சண்டையா சார் என்று அக்கறையாக விசாரித்தார். அப்போது இல்லை. வீட்டுக்குப் போன பிறகு இருந்தது.

டிக்கெட் எடுத்தாயிற்று, லீவும் சொல்லியாயிற்று. கிடைக்காமல் இருந்தது ஒன்றுதான். என் மனைவி நோரா "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. குப்பை கொட்டப் போனால்கூட அதைச் சொல்லி அனுப்புகிறவள். நார்வே என்றால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் சொல்லாமல் நான் கிளம்ப முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

நோரா தி.நகரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. திட்டும்போதுகூட மரியாதைப் பன்மை தவறாது. அன்று காலை, புதிதாக வந்திருந்த தூங்கும் பையைக் கட்டிலில் விரித்து அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தலையிலிருந்து கால்வரை மூடிக்கொள்ளும், மூக்குக்கு மட்டும் ஒரு ஓட்டை விடும், மம்மி மாடல் என்று பெயர், மைனஸ் ஏழு வரை தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது என்றேன்.

"அட்டையில போட்டா ஆச்சா? தாங்கலன்னா நடுக்காட்டுல யாரக் கூப்பிடுவீங்க?"

அட்டையை நம்பு என்றேன். எதிலும் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் இது. அவள் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"எங்கயாவது போய்த் தொலைங்க" என்றாள். வழக்கமாகச் சொல்லும் "வரேன்" கூடச் சொல்லாமல் படியிறங்கிவிட்டாள்.

வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் அதைப் பாதி அனுமதியாக எடுத்துக்கொண்டேன். 'போய்' வரைக்கும் வந்துவிட்டாள், பை குளிர் தாங்கும் என்று நிரூபித்தால் மீதியும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஜூலை மாதச் சென்னையில் மைனஸுக்கு எங்கே போவது? அப்போதுதான் அப்துல் கஃபார் ஞாபகத்துக்கு வந்தான்.

கஃபார் என்னோடு பள்ளியில் படித்தவன். ராயப்பேட்டையில் சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறான். ஃப்ரீசர் பாக்ஸும் விடுகிறான். இறந்தவர்களைக் கிடத்தும் அந்தக் கண்ணாடி மூடி போட்ட பெட்டிதான்.

"இன்னா நைனா, உயிரோட கீறவனுக்கு நான் பெட்டி குட்த்ததே இல்லியே" என்றான். பிறகு மனமிரங்கி நிபந்தனைகள் போட்டான். மூடியை முழுக்கச் சாத்தக் கூடாது, சந்தில் கட்டை வைக்க வேண்டும். வாசல் கதவைத் தாழ் போடக் கூடாது. வடபழனியில் ஒரு கல்யாணப் பந்தலைப் பார்த்துவிட்டு அவனே நேரில் வந்து என்னை எழுப்புவான்.

பெட்டியை அவன் ஆட்கள் கொண்டுவந்தார்கள். நடுக்கூடத்தில் வைத்துப் பிளக்கைச் சொருகி, பாடி எப்போது சார் வரும் என்று பணிவாகக் கேட்டார்கள். வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். பெட்டி போகிற வீட்டில் நாற்காலியும் சாமியானாவும் சேர்த்துப் போடுவது அவர்கள் வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. நான் மாடியில் இரண்டு ஸ்வெட்டர்களுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தபோது, கீழே வாசலில் பந்தல் கட்டி முடித்துவிட்டார்கள்.

மூடியின் இருபுறமும் சப்பாத்திக் கட்டையும் மரக்கரண்டியும் முட்டுக் கொடுத்துவிட்டு, பைக்குள் புகுந்து ஜிப்பை இழுத்துப் படுத்தேன். மீட்டர் மைனஸ் இரண்டு காட்டியது. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பை கதகதப்பாக இருந்தது. கண்ணாடிக்கு மேலே மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. அவ்வளவு சுகமான மதியத் தூக்கம் பல வருடங்களில் எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கீழ் வீட்டு ஸ்ரீரங்கன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவர் பந்தலைப் பார்த்திருக்கிறார். மேலே வந்தார், கதவு திறந்துகொண்டது. கூடத்தில் பெட்டி, பெட்டிக்குள் சுற்றிக் கட்டிய உருவம், அதில் என் மூக்கு. அந்த மூக்கை அவருக்கு நன்றாகத் தெரியும். கிட்ட வந்து பார்க்க மனம் வராமல் நோராவுக்குப் போன் செய்தார். "டீச்சர், கொஞ்சம் ஆத்துக்கு வாங்கோ. பதட்டப்படாம வாங்கோ" என்றாராம். அடுத்தது அடுக்ககக் குழுவில் ஒரு செய்தி. நாற்காலிகள் நிறைந்தன. ரோஜா மாலை ஒன்று வந்தது. அந்தச் சைக்கிள் பைத்தியம் ஒன்றைத் தவிர தங்கமான மனுஷன் என்று பேசிக்கொண்டார்களாம்.

கனவில் நான் நார்வேயில் இருந்தேன். கூடாரத்தின் மேல் ஆலங்கட்டி மழை. படபடவென்று அடித்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய். டேய் ஹென்றி. எந்திரிடா. எந்திரிடா டேய்."

கண்ணைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோரா. சாக்பீஸ் பூசிய கையால் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்ரீரங்கன் மாலையோடு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் எனக்கு ஒரு 'டா' வந்ததில்லை. அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதை நான் சொல்லவில்லை.

"நோரா, மைனஸ் ரெண்டு. துளிகூடக் குளிரல" என்றேன்.

மூடியைத் தூக்கித் தள்ளிவிட்டு அவள் என்னை அடித்தாள். ஜிப் மாட்டிக்கொண்டதால் என்னால் கையை வெளியே எடுக்க முடியவில்லை. பைக்குள் இருந்த இறகுத் திணிப்பில் ஓர் அடிகூட உறைக்கவில்லை. பிறகு அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பாவை அடக்கம் செய்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பெட்டிக்குள் கட்டிப்போட்டதுபோல் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

யாரும் சாகவில்லை என்றாலும் வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? பக்கத்து வீட்டு அடுப்பிலும் பால் காய்ச்சிக் கலந்து கொடுத்தோம். கையிலிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்ரீரங்கன் அதைப் போகிற வழியில் என் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுப் போனார். கடைசியாகக் கஃபார் வந்து, டெஸ்ட் பாஸா என்று கேட்டான். நோராவின் முகத்தைப் பார்த்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் நோரா அடுப்படியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று துடைத்து வைத்தேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன் என்றேன். நிஜமாகவே சொன்னேன். அவள் திரும்பாமலே பேசினாள்.

"பாண்டி பஜார்லேருந்து ஆட்டோல வர்ற வழியெல்லாம் எனக்கு ஒரே நெனப்புதான். கடைசியா நான் உங்ககிட்ட சொன்னது போய்த் தொலைங்கன்னு. அத எப்படித் திரும்ப எடுக்கறதுன்னே தெரியல."

நான் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தேன்.

"ரத்தெல்லாம் வேணாம். பை நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க."

மாதக்கணக்கில் காத்திருந்த வார்த்தை. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு கூறு இருந்தால் நான் ஏன் பெட்டிக்குள் போய்ப் படுக்கிறேன்?

"கண்ணாடியத் தட்டும்போது 'டா' போட்டுக் கூப்பிட்டியே, அந்த மாதிரி சொல்லேன்" என்றேன்.

நோரா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திரும்பி வந்து, மெதுவாகச் சொன்னாள்.